வள்ளிமலைக் குகைப்பள்ளியும் நம் பழைய கோவிலும்

(யூபிலி ஆண்டுத் தொடக்க விழாவின் மாலைக் கூட்டத்தில் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



யூபிலி விழா மேடையில் பங்கின் வரலாற்றைப் பேசுவதுதான் வழக்கம். எனக்கு முன் பேசியவர்கள் அதைச் செவ்வனே செய்துவிட்டார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது நமக்குச் சம்பந்தமில்லாதது போலத் தோன்றும் ஒரு பொருள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவிகள் இருந்து, பிறகு ஆளில்லாமல் போன ஒரு மடத்தைப் பற்றியது அது. காலைப் பூசை முடிந்ததும் ஒரு பெரியவர், "என்ன வாத்தியாரே, நம்ம கோவில் யூபிலியில சமண மடத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஆகையால் முழுவதும் கேட்டுவிடும்படி அவரையும் உங்களையும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆண்டுதோறும் நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபுரிமை வாரம் என்று கொண்டாடுகிறார்கள். பழைய கோட்டைகளையும் கோவில்களையும் மடங்களையும் மக்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மேனாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு. பிரான்சில் 1984இல் தொடங்கியது. இங்கிலாந்தில் 1994 முதல் செப்டம்பர் மாதத்தில் சில நாட்கள் பல பழைய கட்டடங்களைக் கட்டணமில்லாமல் திறந்துவிடுகிறார்கள். அந்த நாட்டில் எட்டாம் ஹென்றி மன்னன் 1536 தொடங்கி 1540க்குள் ஏறக்குறைய 800 துறவியர் மடங்களை மூடினான். கூரையிலிருந்த ஈயத்தை உருக்கி விற்றார்கள். கல்லை ஊரார் வண்டி வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். எஞ்சிய சுவர்களைத்தான் இன்று சனங்கள் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள்.

அந்த வாரத்தில் நம் இளைஞர் குழுவினர் மாமல்லபுரம் போகலாம் என்றார்கள். 19ஆம் தேதி அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். வள்ளிமலைக்கு என்றைக்குமே கட்டணம் இல்லை, வேன் வாடகையும் குறைவு என்று நான் சொன்னேன். சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். இளைஞர்கள், மடத்துச் சகோதரிகள் இருவர், "நான் மட்டும் வீட்ல என்ன பண்ணப் போறேன்" என்று கடைசி நேரத்தில் ஏறிக்கொண்ட இரண்டு பாட்டிமார், இவர்களோடு சோளிங்கர், பொன்னை வழியாகப் போனோம்.

வள்ளிமலை என்றால் திருத்தணியில் பிறந்த பிள்ளைக்கு விளக்கம் வேண்டியதில்லை. வள்ளி தினைப்புனம் காத்த மலை என்றும், அவளை மணந்த முருகன் வந்து அமர்ந்த மலை நம் தணிகை என்றும் அண்டை வீட்டார் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். டிசம்பர் 31 இரவு தணிகை மலையின் 365 படிகளிலும் திருப்புகழ் பாடி ஏறுகிறார்களே, அந்தத் திருப்படி வழிபாட்டைத் தொடங்கிவைத்தவரும் வள்ளிமலைச் சுவாமிகள் என்று பெயர் பெற்ற சச்சிதானந்த சுவாமிகள்தாம். இரண்டு மலைக்கும் உள்ள உறவு அவ்வளவு நெருக்கமானது. அதே வள்ளிமலையின் சரிவில் சமணர் குகை ஒன்று இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வேனில் வந்தவர்களைக் கேட்டேன். ஒருவர் கூடக் கை தூக்கவில்லை.

பாறை கவிந்து இயற்கையாக அமைந்த குகை அது. பாறை முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். அமர்ந்த கோலம், மூடிய வாய், மடிமேல் வைத்த கைகள். பக்கத்தில் யட்சியர் உருவங்களும் உண்டு. உருவங்களின் கீழும் பாறையிலும் எழுத்துகள். நம் பையன் ஒருவன் குனிந்து படிக்கப் பார்த்து, "சார், இது தமிழ் இல்லையே!" என்றான்.

தமிழ் இல்லைதான். அங்குள்ள கல்வெட்டுகள் கன்னட மொழியில் அமைந்தவை. அவற்றில் சிலவற்றைக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் படித்து, கல்வெட்டு ஆய்வு நூல் வரிசையான எபிகிராபியா இண்டிகாவின் 4ஆம் தொகுதியில் வெளியிட்டார். கங்க மன்னன் இராசமல்லன் இந்தப் பள்ளியை ஏற்படுத்தினான் என்கிறது ஒன்று. அவன் சிவமாரனின் கொள்ளுப்பேரன், சிறீபுருஷனின் பேரன், இரணவிக்கிரமனின் மகன் என்று மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் போலவே வம்ச வரிசை சொல்லிப் போகிறது. காலம் 9ஆம் நூற்றாண்டு. இன்னொன்று, பவணந்தி என்பவரின் மாணவரும் வாண அரசனுக்குக் குருவுமான தேவசேனரின் உருவம் இது என்கிறது. மற்றொன்றில் அச்சணந்தி என்ற துறவியின் பெயர் இருக்கிறது.

நம் ஊர் 1960 ஏப்ரல் வரை ஆந்திர மாநிலத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தணிகையைத் தமிழகத்தோடு சேர்க்க ம.பொ.சி. நடத்திய போராட்டத்தைப் பற்றித் தந்தையரும் பாட்டன்மாரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தமிழா தெலுங்கா என்று நாம் மல்லுக்கு நின்ற அதே வட்டாரத்தில், முருகன் வள்ளியைக் கண்ட மலையில், மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த அரசன் கன்னடத்தில் எழுதிவைத்திருக்கிறான்! எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்தத் துறவிகளுக்கு எந்த அளவு பொருட்டாக இருந்திருக்கும்? அச்சணந்தி என்ற பெயரை மதுரைக்கு அருகே ஆனைமலையிலும், அழகர்மலையிலும், கருங்காலக்குடியிலும், தேனிப் பக்கம் உத்தமபாளையத்திலும் வட்டெழுத்தில் காண்கிறோம். எல்லாம் ஒரே ஆள் என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் ஒரு மனிதர், செருப்பில்லாத காலோடு, வாகனம் எதிலும் ஏறாத நோன்போடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்திருக்கிறார்.

குகைக்குள் நின்றபோது சகோதரி ஒருவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "இவங்க எங்கே சமைச்சாங்க, சார்?" என்றார். மடம் நடத்துகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். சமைக்கவில்லை என்பதே விடை. சமணத் துறவி அடுப்பு மூட்டக் கூடாது; தீயில் சிற்றுயிர் சாகும். ஊருக்குள் போய் வீட்டார் மனமுவந்து தருவதை ஒரு வேளை மட்டும் உண்பார். பொழுது சாய்ந்தபின் ஒன்றும் உண்ணார். மழைக்காலம் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்குவார். மற்ற மாதங்களில் நடந்துகொண்டேயிருப்பார். அப்படியானால் அடுக்களையில்லாத அந்த மடம் நின்றது கீழேயுள்ள ஊர்ப் பெண்கள் போட்ட சோற்றில். மன்னன் பெயர் கல்லில் இருக்கிறது. சோறு போட்டவள் பெயர் எங்கும் இல்லை. இதைச் சொன்னதும் நம் பாட்டிமார் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

சோறு போட்டவர்களைப் பற்றியே பேசுகிற கல்வெட்டு ஒன்றும் உண்டு. வந்தவாசிப் பக்கம் வேடல் என்று ஒரு சிற்றூர். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆதித்த சோழன் காலத்தில், அங்கே சமணக் கன்னியர் மடம் இருந்தது. துறவுப் பெண்ணைக் குரத்தி என்பார்கள். குரு என்பதன் பெண்பால் போல. குணகீர்த்தி படாரரின் மாணவியான கனகவீரக் குரத்தியாருக்கு மாணவியர் 500 பேர். ஐந்நூறு! இன்று நம் மாவட்டத்தில் எந்தக் கன்னியர் மடத்தில் ஐந்நூறு பேரைக் காட்ட முடியும்? அவர்களுக்கும் அவ்வூரில் இருந்த வேறு 400 துறவுப் பெண்களுக்கும் பிணக்கு வந்தது. (மடத்துக்குள் பிணக்கு என்பது நம் காலத்தில் புதிதாக வந்ததல்ல என்று தெரிந்து சகோதரிகள் ஆறுதல் கொள்ளலாம்.) அப்போது அவ்வூர் இல்லறத்தார் கூடி, கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய ஐந்நூறு மாணவியரையும் நாங்கள் காத்துச் சோறிடுவோம் என்று ஒப்புக்கொண்டு கல்லில் வெட்டிவைத்தார்கள். அரசனோ அமைச்சனோ அங்கே வரவில்லை. நம் பங்குப் பேரவை போன்ற ஊர்க்கூட்டம்தான் முடிவு செய்தது.

இந்த இடங்களுக்கெல்லாம் அன்று பெயர் பள்ளி. துறவிகள் தங்கி, படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்த இடம் என்பதால்தான் பள்ளிக்கூடம் என்ற சொல்லே வந்தது என்று அறிஞர் சொல்வர். முகம்மதியர் தொழும் இடம் பள்ளிவாசல். மலையாளத்துக் கிறிஸ்தவர் நம் கோவிலையே பள்ளி என்கிறார்கள். வள்ளிமலைக்குப் பக்கத்து ஊரான மேல்பாடியில், இராசராச சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுப்பித்த கோவிலைப் பள்ளிப்படை என்கிறார்கள். திரும்பும் வழியில் அதையும் பார்த்தோம். ஒரே சொல்லை எத்தனை சமயம் எடுத்துப் புழங்கியிருக்கிறது, பாருங்கள்!

பள்ளிகள் ஏன் ஆளற்றுப் போயின என்று இளைஞர்கள் கேட்டார்கள். ஆதரித்த அரசுகள் போனது ஒரு காரணம். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பராந்தக சோழன் வாணரை வென்றான். 949இல் நமக்கு அண்மையிலுள்ள தக்கோலத்தில் நடந்த பெரும்போரில், கங்க மன்னன் பூதுகன் கையால் சோழ இளவரசன் இராசாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்டான். கங்கர் அன்று வென்ற பக்கத்தில் இருந்தாலும், அடுத்த அறுபது ஆண்டுக்குள் அவர்கள் அரசும் சோழர் கையில் போயிற்று. அதற்காகச் சமணம் இங்கே அடியோடு ஒழிந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். வந்தவாசி, செஞ்சிப் பக்கங்களில் நயினார் என்ற பெயரோடு தமிழ்ச் சமணர் இன்றும் நிலம் உழுதுகொண்டிருக்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இருக்கிறது. ஆகவே வள்ளிமலையை உரிமை கோர ஆளில்லாத இடம் என்று நினைப்பது தவறு.

இனி, மனத்துக்கு அவ்வளவு இனிமையாக இராத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாம் ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்குப் போகிறோம். வழியில் நாகப்பட்டினத்தில் இறங்கித் தேநீர் குடிக்கிறோம். அந்த ஊரில் சூடாமணி விகாரம் என்று பெரியதொரு பௌத்த மடம் இருந்தது. கடல் கடந்த சிறீவிசய நாட்டு மன்னன் மாரவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் கட்டியது. அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை இறையிலியாக 1006இல் கொடுத்தவன் தஞ்சைப் பெரிய கோவில் கட்டிய சிவபக்தன் இராசராசன். அந்தச் செப்பேடுகள் 21. ஹாலந்து நாட்டு லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன.

மடம் அழிந்தபின்னும் மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் சொல்வார்கள். அது அந்த விகாரத்தைச் சேர்ந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. கடலில் வரும் மாலுமிகளுக்கு அது அடையாளம். வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி 1846இல் அதைப் பார்த்தார். சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே செங்கல்லை நெருக்கி அடுக்கிய வேலை என்று பின்னாளில் எழுதினார். அந்தக் கோபுரத்தை இடித்துக் கல்லூரிக் கட்டடத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்று 1859இல் அரசுக்கு மனுப் போட்டவர்கள் யார் தெரியுமா? நம் சேசு சபைக் குருக்கள். அரசு அப்போது இணங்கவில்லை. 1867 ஆகஸ்டு 28ஆம் தேதி இணங்கியது. கோபுரம் தரைமட்டமாயிற்று. எந்தக் கல்லூரிக்காகக் கேட்டார்களோ அந்தப் புனித வளனார் கல்லூரி, 1844இல் நாகையில் தொடங்கியது, 1883இல் திருச்சிக்கு இடம் மாறிப் போய்விட்டது. இடித்துப் பதினாறே ஆண்டு!

அக்குருக்களைப் பழிக்க எனக்கு வாய் வராது. திருச்சி வளனார் கல்லூரி இல்லையேல் தமிழ்நாட்டில் எத்தனை ஏழைப் பிள்ளைகள் படிக்காமலே போயிருப்பார்கள்! ஆளில்லாத பாழடைந்த செங்கல் குவியல், பக்கத்தில் கட்டடம் கட்டப் பணமில்லாத பள்ளி. அன்றைக்கு அவர்கள் கண்ணுக்குக் கணக்கு எளிதாகவே இருந்திருக்கும். அனுமதி கொடுத்த அரசின் பங்கும் சிறிதல்ல. ஆனாலும் போனது போனதுதான். வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த புத்தர் படிமங்கள் 350க்கு மேல். அவற்றில் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அவை நின்ற மடத்தின் ஒரு சுவரைக்கூட யாராலும் காட்ட முடியாது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய ஏட்டில் பௌத்தத்தைப் பெயர் சொல்லி மதிப்போடு பேசியது. அதற்குச் சரியாக 98 ஆண்டுக்கு முன் நாகையில் நடந்தது இது.

பிறருடையதைத்தான் இடித்தோம் என்றும் சொல்வதற்கில்லை. மயிலாப்பூரில் போர்த்துக்கீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய சாந்தோம் கோவிலை 1893இல் நாமே இடித்தோம். இன்றுள்ள உயர்ந்த கோபுரக் கோவில் 1896இல் வந்தது. அழகான கோவில்தான், நானும் அங்கே முழந்தாளிட்டிருக்கிறேன். பழையது எப்படி இருந்தது என்று கேட்டால் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

காலையில் கேட்ட பெரியவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஐயா, யூபிலியை ஒட்டி நம் பழைய கோவிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மண்டபம் கட்டலாம் என்று பேச்சு நடக்கிறது. அடுத்த மாதம் பேரவை கூடுகிறது. மண்டபம் வேண்டும் என்கிறவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. திருமணத்துக்கு வெளியே மண்டபம் பிடிக்க ஏழைக் குடும்பம் படும் பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூரை ஒழுகுகிறது, உத்திரத்தில் கரையான். இதையெல்லாம் மறைத்துப் பேசுவது அழகல்ல. அங்கே ஞானஸ்நானம் பெற்ற எனக்குப் பாசம் இருக்கும். நேற்று வந்து சேர்ந்த குடும்பத்துக்கு அதே பாசம் இருக்க வேண்டும் என்று நான் எப்படிக் கேட்க முடியும்?

நான் கேட்பது சிறிது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை, சிமெண்டு வேலை மட்டும் தெரிந்தவரை அல்ல, அழைத்து வந்து சுவரைக் காட்டுங்கள். தாங்கும், தாங்காது என்று அவர் சொல்லட்டும். மண்டபத்துக்குக் கிணற்றுப் பக்கத்துக் காலியிடம் போதுமா என்று ஒருமுறை நூல் பிடித்துப் பாருங்கள். பிறகு இடிப்பதென்றே முடிவானாலும், அதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, நீள அகலம் அளந்து வரைந்து வையுங்கள். நடைவாசல் மேலிருக்கும் தெலுங்குக் கல்பலகையைப் பெயர்த்துப் பத்திரப்படுத்துங்கள். சித்தூர் மாவட்டமாக இருந்த நாளில் யாரோ செலவு செய்து பதித்தது அது. அதைத் தடவித் தடவிப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் பங்கில் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளில் மை மங்குகிறது. அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்க இளைஞர் குழு ஏற்கெனவே இசைந்திருக்கிறது. பங்குத்தந்தை அனுமதி தந்தால் தவக்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்கிறார்கள்.

கூட்டத்தில் எந்தப் பக்கம் கை தூக்குவேன் என்பது உங்களுக்குத் தெரியும். எதிர்ப்பக்கம் கை தூக்குகிறவர் மேல் எனக்கு மனத்தாங்கல் இராது. அந்தக் கோவிலுக்குள் ஒருமுறை போய், சும்மா கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து கை தூக்குங்கள் என்பதே வேண்டுகோள். சாவி கோவில்பிள்ளையிடம் இருக்கிறது.

இன்னொரு செய்தி. வரும் நவம்பரில் அதே வாரத்தில் வேடலுக்குப் போவதாக இருக்கிறோம். ஆர்க்காடு, வந்தவாசி வழியாகப் போக வேண்டியிருப்பதால் காலை ஐந்து மணிக்கே வேன் புறப்படும். கட்டுச்சோறு அவரவர் கொண்டு வர வேண்டும். வள்ளிமலைக்கு வந்த இரண்டு பாட்டிமாரும் இப்போதே முன்னிருக்கை கேட்டுவிட்டார்கள். மற்றவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம்.